பொட்டலம் மடித்துக் கொடுத்த பழைய மளிகைக் கடை நாட்கள் இனி திரும்புமா?

திரும்பினாலும் நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கேள்வி கேட்டவர் அநேகமாகச் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பீர்கள். பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடும் பருப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது, சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனதும் கடைக்காரர் ஒரு துண்டு வெல்லம் கொடுத்ததும் ஞாபகம் வந்திருக்கும். தப்பே இல்லை. ஆனால் அந்த வெல்லத்தை உடைத்துக் கொடுத்தது என்னைப் போல ஒரு பையன். 1986 கோடை விடுமுறையில் சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு மளிகைக் கடையில் 45 நாள் பொட்டலம் மடித்தேன். அப்போதுதான் எட்டாம் வகுப்புப் பரீட்சை முடித்திருந்தேன்.

எங்கள் வீட்டில் குழித்தறி, தரையில் குழி தோண்டி அதில் காலை விட்டு நெய்யும் கைத்தறி. தெருவில் பாவு நூலை (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) விரித்துக் கஞ்சி போட்டுக் காய வைக்க வெயில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பாவும் காயாது, தறிக்குழியிலும் ஈரம் ஊறிவிடும். தறி நின்றால் கூலி நின்றது, வயிறு நிற்குமா? மளிகை எல்லாம் கடன் கணக்கு எழுதும் பற்று நோட்டில் ஏறும். தை, மாசியில் தறி ஓடும்போது கடனை அடைப்போம். அந்த வருடம் அக்காவின் பிரசவச் செலவும் சேர்ந்துகொண்டதில் 187 ரூபாய் பாக்கி நின்றுவிட்டது. சித்திரை பிறந்ததும் கடை முதலாளி அப்பாவிடம், "பையன் லீவுல சும்மாதானே இருக்கான், அனுப்பி வைங்க. ஒரு நாளைக்கு நாலு ரூபா கழிச்சிக்கலாம்" என்றார். அப்பா பதில் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் காலையில் என்னை எழுப்பிக் கடைக்குக் கூட்டிப் போனது அம்மா.

(குழந்தைத் தொழிலாளர் என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: அந்தச் சட்டம் வந்ததே அந்த வருடம் டிசம்பரில்தான். அதில் தடை செய்த வேலைகளின் பட்டியலிலும் மளிகைக் கடை இல்லை. நான் யாரையும் நல்லவர், கெட்டவர் என்று சொல்ல வரவில்லை.)

பொட்டலம் மடிப்பதைச் சுலபம் என்று நினைக்கிறீர்கள். செய்தித்தாளின் அரைத் தாளை மூலையிலிருந்து சுருட்டிக் கூம்பாக்க வேண்டும். நுனியை மேலே மடக்கி விரலால் அழுத்தாவிட்டால் சர்க்கரை எறும்பு வரிசை மாதிரி ஒழுகும். சாமானைப் போட்டு இரண்டு தட்டுத் தட்டினால் அது உட்காரும். பிறகு வாயை இரண்டு பக்கமும் மடக்கி, உத்தரத்தில் தொங்கும் டப்பாவிலிருந்து நூலை இழுத்து இரண்டு சுற்று. கத்தரிக்கோல் கிடையாது. விரலில் ஒரு வளையம் போட்டு வெடுக்கென்று இழுத்தால் அறும், விரலும் சேர்ந்து அறும். எங்கள் ஊரில் நூலுக்கா பஞ்சம்? தறிகளில் மிஞ்சும் நூல் துண்டுகளை முடிச்சுப் போட்டுச் சுற்றி வைத்திருப்பார்கள். அரை கிலோ பருப்பைக் கட்டுவதற்குள் அரக்கு நிற நூல் முடிந்து கிளிப்பச்சை வரும்.

இரண்டாம் நாள் ஒரு பாட்டி நான் கட்டிய ரவைப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். பாதி ரவை தெருவில். "ஏஞ்சாமி, இது பொட்டலமா, புளியமரத்துக் கூடா?" என்றார். முதலாளி என் பின்மண்டையில் ஒன்று வைத்தார். நான்காம் நாளிலிருந்து என் பொட்டலம் எதுவும் அவிழவில்லை. இன்றைக்கும் ஒரு தாளைக் கொடுத்துப் பாருங்கள்.

காகிதம் என்பது வெறும் காகிதம் இல்லை. பழைய விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக எடைக்கு வரும். என் வகுப்புப் பையன் ஒருவனின் சமூக அறிவியல் தாளில் மிளகாய் மடித்தேன். 31 மார்க். இதுவரை அவனிடம் சொன்னதில்லை.

"அப்போது எல்லாம் சுத்தம், நேர்மை" என்று எழுதுகிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் நின்ற கடையில் தாளைத் தட்டில் விரித்து, அதன் மேல் சாமானைக் கொட்டித்தான் எடை போடுவோம். அரைத் தாள் ஐந்து கிராம் இருக்கும். கிலோ அரிசிக்கு அது ஒன்றுமில்லை. நூறு கிராம் சீரகத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாக் கடையும் அப்படி என்று சொல்லவில்லை. அச்சு மை பட்ட தாளில் உணவுப் பொருள் கட்டாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னதே 2016இல்தான். அதுவரை எல்லார் வயிற்றிலும் கொஞ்சம் தலையங்கம் போயிருக்கும்.

அப்புறம், கடையில் ஒரு வரிசை உண்டு, கண்ணுக்குத் தெரியாத வரிசை. காசோடு வருகிறவர் வந்ததும் சாமான் கிடைக்கும். பற்று நோட்டோடு வருகிறவர் ஓரமாக நிற்க வேண்டும், கூட்டம் குறையும் வரை. சிறு வயதில் அந்த ஓரத்தில் நின்றிருக்கிறேன், ஏன் நிற்கிறோம் என்று தெரியாமல். கல்லாப் பக்கம் வந்த பிறகு புரிந்தது. முதலாளி கண்ணால் ஒரு சாடை காட்டுவார், நான் அதன்படி அடுத்தவரைக் கேட்பேன். ஒருநாள் அம்மாவே நோட்டோடு வந்து நின்றார். நான் அவரைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அவருக்கு முன்னால் மூன்று பேர் வாங்கிப் போனார்கள்.

நல்லதும் உண்டு, மறைக்க மாட்டேன். வாரம் ஒரு தடவை முதலாளியோடு மொத்த வியாபாரம் நடக்கும் செவ்வாய்பேட்டை லீ பஜாருக்குப் போவோம். மிளகாய் மண்டி வாசலிலேயே தும்மல் ஆரம்பிக்கும். மூட்டையை இரும்பால் குத்தி உள்ளங்கையில் சரியும் துவரம்பருப்பைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். ஜவ்வரிசியை மட்டும் கடிக்க மாட்டார், "நம்மூர்ச் சரக்கு" என்பார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நான் இப்போது இருக்கும் அடுக்குமாடியில் டெலிவரி பையன்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று போன மாதம் நோட்டீஸ் ஒட்டினார்கள். கூட்டத்தில் எதிர்த்துக் கை தூக்கியது மூன்று பேர். தண்ணீர் கேனோடு நான்கு மாடி ஏறச் சொல்கிறவர்கள்தான் வாட்ஸப் குழுவில் "அந்தக் காலத்து அன்பான மளிகைக் கடை" என்று படம் அனுப்புகிறார்கள். சரி, விடுங்கள்.

45 நாளுக்கு 180 ரூபாய் கழிந்தது. மீதி ஏழு. "போகட்டும் விடுப்பா" என்றார் முதலாளி. அன்று சாயங்காலம் அப்பா ஒரு ஐந்து ரூபாய்த் தாளையும் இரண்டு ஒற்றை ரூபாய்த் தாளையும் கல்லா மேல் வைத்துவிட்டு நோட்டைக் கேட்டு வாங்கி வந்தார். மிச்சப் பக்கங்களில் பாவுக் கணக்கு எழுதினார். அந்த நோட்டு இன்னும் அம்மாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது. முன்பாதியில் முதலாளி கையெழுத்தில் து.பருப்பு, ந.எண்ணெய், புளி, பின்பாதியில் அப்பா கையெழுத்து. நடுவில் சிவப்பு மையில் ஒரு கோடு. என் பெயர் அதில் எங்கும் இல்லை. கோட்டுக்கு மேலே, "பையன் வகையில் வரவு 180" என்று ஒரு வரி இருக்கிறது.