கேளுங்கள், சொல்கிறேன்: 144 ஆண்டுப் பழக்கம் ஒரே தேர்தலில் மாறியது எப்படி?

கேள்வி: அமெரிக்காவின் தென்மாநிலக் கிராமங்கள் என்றாலே குடியரசுக் கட்சிக் கோட்டை என்கிறார்கள். எப்போதுமே அப்படித்தானா? – வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை. ஒரு காலத்தில் நிலைமை நேர் எதிர். லிங்கனின் கட்சி என்பதாலேயே தெற்கத்திய வெள்ளையர்கள் குடியரசுக் கட்சியை வெறுத்தார்கள். 1964-இல் ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சன், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டதும் மிசிசிப்பியும் அலபாமாவும் அந்த ஆண்டே எதிர்ப்பக்கம் சாய்ந்தன. இதுவரைக்கும் பலருக்குத் தெரிந்த கதைதான்.

ஆனால் என்னை விடாமல் இழுப்பது கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில் இருக்கும் எலியட் கவுண்டி (கவுண்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). மக்கள்தொகை 7,500-க்கும் குறைவு. கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளையர்கள். தலைமையிடம் சாண்டி ஹூக் என்ற சின்ன ஊர். 1869-இல் உருவான இந்தக் கவுண்டி, 1872 முதல் 2012 வரை ஒரு அதிபர் தேர்தலில்கூட ஜனநாயகக் கட்சியைக் கைவிட்டதில்லை. 1972-இல் அந்தக் கட்சியின் வேட்பாளர் மெக்கவர்ன் நாடு முழுக்க மண்ணைக் கவ்வியபோதும் இங்கே ஜெயித்தார். 1984-இல் மாண்டேலும் அப்படியே. 2008-இல் ஒபாமாவுக்கு 61 சதவீதம். 2012-இல் அவரே மயிரிழையில்தான் தப்பினார். 2016-இல் டிரம்ப் 70 சதவீதம் வாங்கினார். அப்புறம் வந்த இரண்டு தேர்தல்களிலும் இன்னும் கூட.

இனவெறி என்று ஒரே வார்த்தையில் கதையை முடிப்பவர்கள் அந்த 61 சதவீதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் புகையிலையிலிருந்து தொடங்குவேன். அங்கே சிறு விவசாயிகள் வளர்த்தது பர்லி புகையிலை. செடியை அடியோடு வெட்டி, குச்சியில் குத்திக் கோத்து, மரக்கொட்டகை உத்தரங்களில் வாரக்கணக்கில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். பிறகு இலையை உருவித் தரம் பிரித்துக் கட்டி, குளிர்காலத்தில் ஏலத்துக்குக் கொண்டுபோவார்கள். கிறிஸ்துமஸ் செலவு, நிலவரி, கடைக்கடன் எல்லாம் அந்தப் பணத்தில்தான். விலை சரிந்துவிடாமல் காத்தது, ஜனநாயகக் கட்சி அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில் வந்த விளைச்சல் அளவுக் கட்டுப்பாடும் அரசின் ஆதரவு விலையும். கட்சி மீதான நன்றி கொட்டகையிலேயே தொங்கியது என்று சொல்லலாம். 2004-இல் இழப்பீடு கொடுத்து அந்தத் திட்டத்தை மூடினார்கள். மூடிய சட்டத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியின் புஷ் என்பது வேறு விஷயம். கட்சியோடு வீட்டைக் கட்டிப்போட்டிருந்த கயிறு அறுந்துவிட்டது, அதுதான் முக்கியம்.

கிழக்குக் கென்டக்கியில் நிலக்கரி வேலையும் சுருங்கிக்கொண்டே வந்தது. அந்த நேரத்தில், 2016 மார்ச்சில், நிறைய சுரங்கத் தொழிலாளர்களுக்கு வேலை போகப்போகிறது என்ற பொருளில், ஜனநாயகக் கட்சி சார்பில் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஹிலாரி கிளின்டன் பேசினார். அவர்களுக்கு மாற்று வழி வேண்டும் என்பதும் அதே பேச்சில் இருந்தது. மலைக்காரர்கள் காதில் விழுந்தது முதல் பாதி. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: அப்படியானால் அந்த மக்கள் கட்சியே மாறிவிட்டார்களா? – அதே வாசகி

பதில்: அதிபர் வாக்கில் மாறினார்கள், மற்றதில் அவ்வளவு சுலபமாக இல்லை. கென்டக்கியில் ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்க அந்தக் கட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும். ஷெரிஃப் என்ற கவுண்டிக் காவல் தலைவர் யார், கவுண்டி நிர்வாகி யார் என்பது எலியட்டில் காலங்காலமாக ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே முடிவாகிவிடும். அதனால் தாத்தா பதிந்த கட்சியிலேயே பேரனும் பதிந்தான். சாண்டி ஹூக்கைச் சேர்ந்த ராக்கி ஆட்கின்ஸ் மாநிலச் சட்டமன்றத்தில் அந்தக் கட்சியின் தலைவராகவே இருந்தார். 2019 ஆளுநர் தேர்தலில், டிரம்ப்புக்கு அள்ளிக்கொடுத்த இதே கவுண்டி ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியரைத் தேர்ந்தெடுத்தது. முகம் தெரிந்தவருக்கு இன்னும் வாக்கு இருக்கிறது. வாஷிங்டனிலிருந்து வருகிறவர் அடுத்த தேர்தலிலேயே அதை வாங்கிவிடுவார் என்று நான் நம்பவில்லை.