பக்கத்து நாடு எது?

கேள்வி: அடுத்த மாதம் நண்பர்களோடு இலங்கை போகிறேன். பக்கத்து நாட்டில் பீர் வாங்குவது எப்படி? திரும்பும்போது எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்?
- ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கடலூரில் இருந்துகொண்டு இலங்கையைப் பக்கத்து நாடு என்கிறீர்களே, இது அடுக்குமா? உங்கள் தாத்தாவைக் கேட்டிருந்தால் பக்கத்து நாடு எது என்று சொல்லியிருப்பார். பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, அப்புறம் முள்ளோடை. அவ்வளவுதான், புதுச்சேரி என்ற வெளிநாடு வந்துவிட்டது. விமானம் வேண்டாம், கப்பல் வேண்டாம், பஸ் டிக்கெட் போதும்.

1948-ல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு. கடலூரில் ஒரு சொட்டு கிடையாது. முள்ளோடைக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி, கடை திறந்தே கிடந்தது. 1954 நவம்பர் 1 அன்று அவன் சாவியைக் கொடுத்துவிட்டான். ஆனால் பத்திரம் பதிவானது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். நடுவில் ஏறக்குறைய எட்டு வருஷம் புதுச்சேரி நடைமுறையில் இந்தியா, சட்டத்தில் பிரான்சு. அந்த நாளில் அங்கே பீர் குடித்தவர் வெளிநாட்டில் குடித்தாரா, உள்நாட்டில் குடித்தாரா? ஒரு வக்கீல் நண்பரோடு இருபது வருஷமாக இதே வழக்கு. மூடி திறக்கும்வரை சட்டம், திறந்த பிறகு நடைமுறை என்பது என் கட்சி. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்க்கட்சிக்காரனான என்னிடமே ஃபீஸ் கேட்கிறார்.

நாடு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இதை நான் முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். 'இந்தியாவில் தயாரிக்கப்பட்ட அயல்நாட்டு மதுபானம்' என்று கடைப் பலகையில் போடுகிறார்களே, அதற்கு யாராவது எனக்குப் பொருள் சொல்லுங்கள். இந்தியாவில் தயாரித்தால் அது எப்படி அயல்நாடு? கும்பகோணத்தில் போட்ட பிரேசில் டிகிரி காப்பி என்று ஒருவர் விற்றால் சும்மா விடுவோமா? கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் சேர்த்து, அதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெயரும் வைத்தால் அயல்நாடாம். இதைப் படித்ததும் நெல்லிக்குப்பம் வாசகர் ஒருவர் அஞ்சலட்டை எடுப்பார். குடி என்ற சொல் இந்தப் பக்கத்தில் வந்தாலே அவருக்குக் கை அரிக்கும். ஐயா, உங்கள் ஊர்க் கரும்பாலை 19-ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடுகிறது. கழிவுப்பாகு என்னவாகும் என்று அங்கே யாரையாவது கேட்டுவிட்டு அட்டையை எழுதுங்கள்.

நிஜமான அயல்நாட்டுச் சரக்கைப் பார்க்க வேண்டுமானால் பாண்டி போகிற வழியில் அரியாங்குப்பத்தில் இறங்குங்கள். அங்கே அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ஆம்போரா ஜாடிகளின் உடைசல் கிடைத்தது. மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து ஒயினும் எண்ணெயும் சுமந்துவந்த ஜாடிகள் அவை. அதாவது ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முன்பே நமக்கு ஃபாரின் சரக்கு கப்பலில் வந்து இறங்கியிருக்கிறது. இப்போது தமிழ்நாட்டுக் கடைகளில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தருகிறார்கள். அன்றைக்கு அப்படி ஒரு திட்டம் இருந்திருந்தால் நம் ஆள் ஒரு ஜாடியை விட்டுவைத்திருப்பானா? வீலர் வெறுங்கையோடு போயிருப்பார்.

சரி, இலங்கை. முதலில் காலண்டரைப் பாருங்கள். பௌர்ணமி என்றால் அங்கே போயா, பொது விடுமுறை, மது விற்பனை கிடையாது. நிலாவைப் பார்த்துக்கொண்டே கடற்கரையில் பீர் என்று திட்டம் போட்டிருந்தால் செவ்விளநீர்தான். மற்ற நாட்களில் 'வைன் ஸ்டோர்ஸ்' என்ற பலகையைத் தேடுங்கள். வைன் என்று எழுதியிருக்கிறதே என்று திரும்பிவிடாதீர்கள், பீர் உள்ளே இருக்கிறது. 21 வயது ஆகியிருக்க வேண்டும். யாழ்ப்பாணம் போனால் 'பியர்' என்று கேளுங்கள், கடைக்காரருக்கும் சந்தோஷம். எங்கும் கண்ணில் படுவது லயன் லாகர். அதே பெயரில் கறுப்பாக ஸ்டௌட் என்று ஒரு பீர் உண்டு, போதை 8 சதவீதத்துக்கு மேல். லாகர் என்று நினைத்து அதை மடக்மடக்கென்று இறக்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

குழுவில் பெண்கள் உண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. அங்கே 1979 முதல் பெண்களுக்கு மது விற்கத் தடை இருந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தலையிட, தடை திரும்பி வந்துவிட்டது. ஸ்டௌட் குடித்தவர்கூட இப்படித் தள்ளாடியிருக்க மாட்டார்.

திரும்பும்போது ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லை. நம் ஊர் 650 மில்லி பாட்டில் கணக்கில் மூன்று, அதாவது 1,950. மிச்சம் 50 மில்லியை அரசாங்கத்துக்கே விட்டுக்கொடுங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், பிடுங்கிவிடுவார்கள். பெட்டிக்குள் லுங்கியில் சுற்றி வையுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், கடல் தாண்டி மூன்று பாட்டில் கொண்டுவரலாம், புதுச்சேரி எல்லையில் இருக்கும் கன்னியக்கோயிலிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தால் மதுவிலக்குப் போலீஸ் பிடிக்கும். அனுபவத்தில் சொல்கிறேன். 1980-களில் மஞ்சக்குப்பத்து மச்சினன் 'பாண்டி பீர்தான் வேணும் மாமா' என்று அடம்பிடித்தான். கடைக்காரர் ஜில்லென்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நம் இதழின் பழைய பிரதியைக் கிழித்துச் சுற்றி, மேலே முருங்கைக்காயைப் போட்டு, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கிருமாம்பாக்கம் வருவதற்குள் பை சொட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு சாவடியில் (எது என்று வேண்டாம்) போலீஸ்காரர் ஏறினார்.

"என்ன ஒழுகுது?"

"மீனுங்க."

பைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். "மீனுக்கு எதுக்கு மூடி?"

பாட்டிலை வெளியே எடுத்துத் தாளை மெதுவாக உரித்தார். அது இந்தக் கேள்வி-பதில் பக்கம். ஓரத்தில் என் படம், பாதி நனைந்து. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாட்டிலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஈரத் தாளை நீவி நான்காக மடித்து என் கையில் கொடுத்தார்.

"இதை நீங்களே வச்சிக்குங்க சார்."