‘பேசவும்’ என்று எழுதுகிறவர்கள்

ஐயா,
பயிற்சி முடிந்து சார் ஆட்சியராகச் சேர்ந்திருக்கிறேன். மூத்த நிர்வாக அதிகாரிக்கு முதன்மையாக வேண்டியது எது? தொலைநோக்கா, தொழில்நுட்ப அறிவா, பேச்சுத் திறனா? முன்னுதாரணமாக யாரைச் சொல்வீர்கள்?
ம.

அன்புள்ள ம.,

வாழ்த்துகள். தொலைநோக்கை வகுப்பெடுப்பவர்களிடம் விட்டுவிடுங்கள். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் உங்கள் அலுவலகத்திலேயே இருப்பார்கள், கேட்டால் சொல்வார்கள். பேச்சா? பேச்சுதான் பிரச்சினையே.

என் சித்தப்பா ஒரு துறை அலுவலகத்தில் உதவியாளர். சில நாட்களாக அவர் நினைவாகவே இருக்கிறது. ‘விதியில் இடமில்லை’ என்று கோப்பில் குறிப்பு வைப்பார். மேலதிகாரியின் பச்சை மையில் ‘பேசவும்’ என்று திரும்பி வரும். போய் நின்றுகொண்டே கேட்டுவிட்டு வருவார். அப்புறம் ‘பேசியபடி’ என்று தொடங்கி, முன்பு எழுதியதற்கு நேர்மாறாகத் தன் கையாலேயே எழுதுவார். அதன்மேல் ஒரு சுருக்கொப்பம் விழும், அவ்வளவுதான். தணிக்கை வந்தபோது பேசியவர் பதவி உயர்வில் போயிருந்தார். எழுதியவருக்கு 17(பி), அதாவது கடும் தண்டனைக்கு வழிவகுக்கும் ஒழுங்கு நடவடிக்கை. என்ன பேசினார்கள் என்பது கோப்பில் எங்கே இருக்கிறது?

உங்களுக்கு ஒரு கவசம் இருக்கிறது. ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்குப் பொருந்தும் 1968ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகளில் 3ஆவது விதியைப் படியுங்கள். வாய்மொழி உத்தரவு தவிர்க்க முடியாததானால் மேலதிகாரி உடனே அதை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது உத்தரவு பெற்றவரின் கடமை. விதி இருந்தும் 2013இல் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. வழக்குத் தொடுத்தவர்களில் முதல் பெயர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன், மத்திய அமைச்சரவைச் செயலாளராக இருந்தவர். அந்த உயரத்தில் இருந்தவரே நீதிமன்றப் படி ஏறினார் என்றால் உதவியாளர் எங்கே போவார்?

முன்னுதாரணம் கேட்டீர்கள். அதிகாரி அல்ல, அமைச்சர்: படேல். 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில், என் செயலாளர் என் கருத்துக்கு எதிராகவே குறிப்பு எழுதலாம், பயந்து எழுதாதவர் போய்விடலாம் என்ற பொருளில் பேசினார்.

உங்கள் கடிதத்தில், உங்களுக்குக் கீழே வேலை செய்யப்போகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கோபமே வந்தது தம்பி. சரி, சின்ன வயது. இனிமேல் ஒரு குறிப்பு பிடிக்காவிட்டால் அதற்குக் கீழேயே காரணத்தை எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பேச வேண்டுமென்றால் அவரை உட்காரச் சொல்லிப் பேசுங்கள். பேசியதை நீங்கள் எழுதுங்கள், அவரை எழுதச் சொல்லாதீர்கள்.