‘என் பேர் வெளியே வரக்கூடாது’ என்று கேட்பவரிடம் என்ன சொல்வது?

கேள்வி: நிறுவனமொன்றில் மனிதவளப் பொறுப்பில் இருக்கிறேன். மேற்பார்வையாளர் பொய் பில் போடுகிறார் என்று அவருக்குக் கீழே உள்ள நால்வரில் ஒருவர் புகார் தந்திருக்கிறார். தன் பெயர் யாருக்கும் தெரியக்கூடாதாம். உறுதி கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. எந்தத் தேதி, எந்த பில் என்று தெரியாமல் குற்றம்சாட்டப்பட்டவர் எப்படிப் பதில் சொல்வார்? விவகாரம் நீதிமன்றம் போனால் கோப்பையே கேட்பார்கள். “விசாரிப்பவர், முடிவெடுப்பவர் தவிர யாரிடமும் நானாகச் சொல்ல மாட்டேன். சொல்லியே ஆகவேண்டிய நிலை வந்தால் முதலில் உங்களிடம் சொல்கிறேன்.” இவ்வளவுதான் உங்களால் தர முடியும்.

பெயரை யாரும் சொல்லாமலேயே ஆள் தெரிந்துவிடுவதுதான் பெரிய தொல்லை. “12ஆம் தேதி உங்களோடு காரில் வந்தவர் சொல்கிறார்” என்று கேட்டால் பெயரைச் சொன்ன மாதிரிதான். பில்லை மேஜையில் வைத்துக் கேளுங்கள்: “12ஆம் தேதிக்கு டாக்ஸி பில் இருக்கிறது, அன்றைக்கு ஆபீஸ் காரும் போயிருக்கிறது, எப்படி?” பில்லும் காரின் பதிவேடும் உங்கள் கணக்குப் பிரிவிலேயே இருப்பவை, யாரும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. நால்வரையும் ஒரே நாளில் அழையுங்கள். ஒருவருக்கு மட்டும் முக்கால் மணி நேரம் கதவு சாத்தியிருந்தால், மற்ற மூவரும் கடிகாரத்தைப் பார்த்திருப்பார்கள்.

பொதுக் காலண்டரில் ‘விசாரணை’ என்று தலைப்புப் போடாதீர்கள். பிடிஎஃப்பில் பெயர்மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் போதாது. பல நேரம் அடியிலுள்ள எழுத்தைக் காப்பி செய்தால் அப்படியே வந்துவிடும். மூலக்கோப்பிலேயே பெயரை அழித்துவிட்டுப் பிறகு பிடிஎஃப்பாக மாற்றுங்கள்.

புகார் தந்தவரின் வாயை நீங்கள் கட்டக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சாட்சியம் பற்றிச் சக ஊழியர்களிடம் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். வக்கீல், தொழிற்சங்கம், டாக்டர், வீட்டார் என்று யாரிடமும் பேசக்கூடாது என்பது வேறு. பணியிட வன்முறை, துன்புறுத்தல் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை (2019) அந்தரங்கத்தை இயன்ற அளவு காக்கச் சொல்கிறது. ரகசியம் காக்கும் விதியையே துஷ்பிரயோகம் செய்யக்கூடாது என்றும் சொல்கிறது. பில் மோசடி அதில் வராதுதான். ஆனால் நிறுவனங்கள் வசதியாக மறப்பது அந்த இரண்டாம் பாதியைத்தான்.

மேற்பார்வையாளருக்கும் இதே காப்பு உண்டு. இன்னும் எதுவும் நிரூபணமாகவில்லை. முதலாளி உங்களை ஓரமாகக் கூப்பிட்டு “யாருப்பா அது?” என்பார். “விசாரணை நடக்கிறது சார், முடிந்ததும் அறிக்கை தருகிறேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.