கலைக்கூடத்தில் சுற்றிக் காட்டும் தன்னார்வலராக ஓவியம் படித்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பெரும்பாலான கலைக்கூடங்கள் ஆசிரியர், வழக்கறிஞர், ஓய்வு பெற்றவர் என்று யாரையும் சேர்த்துக்கொண்டு தாங்களே பயிற்சி தருகின்றன. ஆனால் பயிற்சி லேசானதல்ல, மாதக்கணக்கில் இழுக்கும்.

பலர் நினைப்பதுபோல் தேதிகளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதல்ல வேலை. சிகாகோ கலைக்கூடத்தில் எட்வர்ட் ஹாப்பர் 1942-ல் வரைந்த 'நைட்ஹாக்ஸ்' இருக்கிறது. நள்ளிரவு உணவு விடுதி, உள்ளே நான்கு பேர். சுமாரான வழிகாட்டி ஹாப்பரின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்வார். நல்லவர், "இங்கே என்ன நடக்கிறது? எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு பையன், "தெருவிலிருந்து உள்ளே போகக் கதவே இல்லையே!" என்பான். அப்புறம் கூட்டமே பேச ஆரம்பித்துவிடும். அந்தச் சில நொடி மௌனத்தைத் தாங்குவதுதான் புதியவர்களுக்குக் கஷ்டம்.

மற்றபடி சில்லறை ஒழுங்குகள்: படத்தை மறைத்து நிற்கக் கூடாது, விரலைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது, பின்வரிசைக்குக் கேட்க வேண்டும்.

சம்பளம்? கிடையாது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஊதியமில்லாமல் நேரம் ஒதுக்க வசதியுள்ளவர்களால்தான் முடியும். அதனால் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஆட்களாக அமைந்துவிடுகிறார்கள். இதே சிகாகோ கலைக்கூடம் 2021-ல் 80-க்கும் மேற்பட்ட தன்னார்வ வழிகாட்டிகளை நிறுத்திவிட்டு, ஊதியம் பெறுபவர்களை அமர்த்தத் திட்டமிட்டது. பெரிய சர்ச்சையானது. நோக்கம் சரிதான், அனுபவசாலிகளை ஒரு கடிதத்தில் அனுப்பிய விதம்தான் எனக்கு ஒப்பவில்லை.