ஈறு நோயும் நல்ல பாக்டீரியாவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பாக்டீரியாவைப் பாக்டீரியாவே கொல்லும் என்கிறார்களே டாக்டர், உண்மையா?

உண்மைதான். இடத்துக்கும் உணவுக்கும் போட்டி வரும்போது, அண்டையில் இருக்கும் இனங்களை அடக்கச் சில பாக்டீரியாக்கள் சிறு புரதத் துண்டுகளைச் சுரக்கின்றன. அவற்றுக்குப் பாக்டீரியோசின் என்று பெயர். அவற்றுள் நன்றாக ஆராயப்பட்டது நைசின். பாலைப் புளிக்கவைக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் சுரக்கும் இந்தப் பெப்டைடில் (சிறு புரதத் துண்டில்) 34 அமினோ அமிலங்கள் உள்ளன. எதிரியின் செல் சுவர் கட்டத் தேவையான லிப்பிட் 2 என்ற மூலக்கூறைப் பற்றிக்கொண்டு சவ்வில் துளையிடும். உள்ளே இருப்பது கசிந்து அந்தப் பாக்டீரியா மடிந்துபோகும். சீஸ் கெடாமல் இருக்க இதைப் பல நாடுகளில் சேர்க்கிறார்கள்; உணவுச் சேர்க்கைப் பட்டியலில் இதன் எண் 234.

ஈறு நோய்க் கிருமிகளிடம் நைசின் எடுபடுமா?

ஈறு நோயில் முதன்மையான குற்றவாளி போர்பைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ். இது கிராம் நெகட்டிவ் வகை. செல் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வும் உண்டு. அந்தச் சவ்வைத் தாண்டி நைசின் உள்ளே போகாது என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் தூய்மையான நைசின் போதிய அளவில் கிடைத்தால் இந்தக் கிருமியையும் அதன் கூட்டாளிகளையும் அடக்குகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. கலிபோர்னியாவில் ஈவான் கபிலாவின் குழு எலிகளில் செய்த ஆய்வில், நைசின் சுரக்கும் பாக்டீரியாவைக் கொடுத்தபோது பல்லைத் தாங்கும் எலும்பின் தேய்மானம் குறைந்தது. எனக்கு இது பெரிய நம்பிக்கை தருகிறது.

ஆனாலும் மனித வாய் வேறு களம். எச்சில் எதையும் நெடுநேரம் தங்கவிடாது. போர்பைரோமோனாஸ் புரதத்தை வெட்டும் நொதிகளை ஏராளமாகச் சுரக்கிறது. பெப்டைடும் புரதத் துண்டுதானே! அதோடு இந்தக் கிருமிகள் பிசுபிசுப்பான படலத்துக்குள் அடுக்கடுக்காக வாழ்கின்றன. இத்தனையையும் தாண்டி மருந்து வேலை செய்ய வேண்டும்.

தினமும் தயிர் சாப்பிட்டால் போதாதா?

தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல உணவு. ஈறுக்கு மருந்தாக எண்ண வேண்டாம். தயிர்ப் பாக்டீரியா பெரும்பாலும் வாயில் குடியேறாமல் விழுங்கும்போதே இறங்கிவிடும். லாக்டோகாக்கஸின் எல்லா ரகங்களும் நைசின் சுரப்பதில்லை.

புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) மாத்திரை சப்பினால் பல் காரையை நீக்கும் ஸ்கேலிங்கைத் தவிர்க்கலாமா?

கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன்.

வாய்க்கென விற்கும் புரோபயாடிக்குகளில் பெயர் பெற்றது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாலிவேரியஸ் கே12. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டாக் ஆராய்ந்தெடுத்த ரகம். அது சுரக்கும் சாலிவரிசின் என்ற பாக்டீரியோசின் முக்கியமாகக் குறிவைப்பது தொண்டைப் புண் கிருமியை. ஈறுக்கென விற்கும் லாக்டோபேசில்லஸ் ரூட்டெரி என்ற பாக்டீரியா சுரக்கும் ரூட்டரின் பெப்டைடே அல்ல, வேறு வகை வேதிப்பொருள். சில ஆய்வுகளில் பலன் தெரிகிறது, சிலவற்றில் இல்லை. ஐரோப்பிய ஈறு நோய் மருத்துவர்களின் 2020 வழிகாட்டியும், ஈறுக்குக் கீழே சுத்தம் செய்வதோடு புரோபயாடிக்கைச் சேர்த்துத் தரப் பரிந்துரைக்கவில்லை.

ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கம்பியை விட்டு ஆழம் பார்ப்போம். ஆரோக்கியமான ஈறில் 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். நோய் முற்றிய இடத்தில் 6, 7 வரை இறங்கும்; கம்பியை எடுத்ததும் ரத்தம் முத்துப்போல் திரளும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பைபோல் ஆழமான அந்த இடைவெளியின் அடியில் வேரோடு ஒட்டிய கருப்புக் காரை, கருவி படும்போது கரகரவென்று தட்டுப்படும். எந்தப் பெப்டைடும் அதைக் கரைக்காது. அது இருக்கும்வரை கிருமிக்குப் புகலிடம் இருந்துகொண்டே இருக்கும்.

குளோர்ஹெக்சிடின் கொப்பளித்ததில் பல் பழுப்பாகிவிட்டது. நிறுத்தலாமா?

எழுதிக்கொடுத்த நாட்கள் முடிந்திருந்தால் நிறுத்துங்கள். தொடர்ந்து பயன்படுத்த வேண்டிய மருந்து அல்ல அது. கறையை மருத்துவமனையில் எளிதாக நீக்கிவிடலாம்.

எனக்குச் சர்க்கரை நோய். ஈறில் ரத்தம் வருகிறது. புரோபயாடிக் எடுக்கலாமா?

முதலில் ஈறைக் காட்டுங்கள். கட்டுக்கடங்காத சர்க்கரை ஈறு நோயை வளர்க்கும்; ஈறு நோய் சர்க்கரையைக் கூட்டும். முறையாகச் சிகிச்சை பெற்றால் சில மாதங்களில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் சற்று இறங்குவதுண்டு. புரோபயாடிக் வாங்குவதானால் அதில் சர்க்கரை சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் உயிருள்ள பாக்டீரியா மாத்திரைகளைத் தொட வேண்டாம்.