வெண்ணெயில் கஞ்சா வேண்டாம், தாயி

கேள்வி: கனடாவில் இருக்கும் என் தங்கை மகன் கஞ்சாவை வெண்ணெயில் காய்ச்சி ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறானாம். மூட்டுவலிக்கு நானும் செய்து பார்க்கலாமா ஐயா? - ஒரு வாசகி, திருமங்கலம்.

பதில்: அங்கே 2018 முதல் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. இங்கே 1985ஆம் வருடச் சட்டப்படி கஞ்சாப் பூவை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அதில் ஒரு வேடிக்கை: தண்டனைக்குப் பார்க்கும் எடை கலப்படப் பொருளும் சேர்த்துத்தான் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிட்டிகை போட்டாலும் வெண்ணெய் முழுக்கக் கணக்குக்கு வரும்!

அதன் போதைச் சத்து தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் வெண்ணெய். ஆனால் தின்றது தலைக்கேற அரை மணியும் ஆகும், இரண்டு மணியும் ஆகும். "ஒன்றும் செய்யவில்லையே" என்று இன்னொரு துண்டு தின்பவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் வேறு இருப்பார்கள்.

சரி, வலிக்கு? சிம்மக்கல்லில் எங்கள் மருந்துக்கடைக்குப் பின்கட்டில் அம்மா நொச்சித் தைலம் காய்ச்சுவார். கால் லிட்டர் நல்லெண்ணெய், அதே அளவு நொச்சி இலைச் சாறு, சிறு தீ. சடசடப்பு அடங்கியதும் அடியில் தேங்கும் கசடைக் கரண்டியில் எடுத்து விரலால் உருட்டுவார். மெழுகு மாதிரித் திரண்டால் இறக்கிவிடலாம். ஈரம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, கசடைத் திரியில் தடவிக் கொளுத்துவார். படபடவென்று வெடித்தால் இன்னும் கொஞ்சம் காய வேண்டும். ஈரம் தங்கிவிட்டால் தைலம் பத்தே நாளில் சிக்கு வாடை அடிக்கும்.

வெளியே தடவ மட்டும். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் முதலில் டாக்டர்.